காட்டுக்குக் கூட்டிப் போகிறவரிடம் கேட்க வேண்டியது

ஆற்றோரக் காட்டில் நடை, மலை ஏற்றம், மதியச் சாப்பாடு, வேன், எல்லாம் சேர்த்து தலைக்கு இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வருகிறது. சாப்பாடு சைவமா, வேன் எங்கிருந்து புறப்படும் என்றெல்லாம் விசாரிக்கிறோம். வனத்துறை அனுமதிச் சீட்டு எங்கே என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லத்தான் அனுமதி தரப்பட்டது, கொழுக்குமலைப் பாதைக்கு அனுமதி இல்லை என்று வனத்துறை அப்போது சொன்னது. கூட வந்தவர்களில் எத்தனை பேர் அந்தச் சீட்டைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? பணம் கட்டி வருகிறவருக்கும் அனுமதிக்கும் நடுவே ஏற்பாட்டாளர் ஒருவர் நிற்கிறார். அவர் சொல்வதுதான் நமக்குத் தெரியும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

அதனால் சீட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். பாதையின் பெயர், தேதி, ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். பாதை மாறினால் அந்தச் சீட்டு செல்லாது. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டித்தான் வந்தேன் என்று சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது.

இடைத்தரகரே வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் நேரடியாகப் பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களும் பழங்குடியினரும் வழிகாட்டியாக வருகிறார்கள். யானை ஆற்றுக்கு இறங்கும் தடம் எது, எந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். காட்டுத்தீ காலத்தில் இந்தப் பாதைகளை வனத்துறை மூடிவிடும். அந்த மாதங்களில், எங்களுக்குத் தனி வழி இருக்கிறது என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரியும் சூட்டில் மேலே இருக்கும் புல் முன்கூட்டியே காய்ந்து சூடேறி, சட்டென்று பற்றிக்கொள்ளும். அதனால் தீயைக் கண்டு மேல்நோக்கி ஓடுவது ஆகாது. புல் இல்லாத பாறை, தண்ணீர், எரிந்து ஆறிய தரை, இவற்றில் எது பக்கமோ அங்கே போங்கள்.

ஆற்றுக்கு நாம் போதிய அளவு பயப்படுவதில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துச் சென்றது. நிற்கும் இடத்தில் தூறல் இல்லாவிட்டாலும் மலைமேல் பெய்த மழை சில நிமிடங்களில் வந்துவிடும். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் பையை விட்டுவிட்டுக் கரை ஏறுங்கள். அணைக்குக் கீழே நடப்பதாக இருந்தால் தண்ணீர் திறக்கும் நேரத்தை விசாரிக்காமல் இறங்கவே கூடாது.

பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதோ கீறுவதோ வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வீடு திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், காட்டில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். ஸ்கிரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

நடுவழியில் பயமாக இருந்தால் திரும்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு. குழுவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை.

புறப்படும்போது சில ஏற்பாட்டாளர்கள் ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள், எது நடந்தாலும் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று. அதில் கையெழுத்திட்டதால் அவர்களுடைய அலட்சியத்தைக் கேள்வி கேட்கும் உரிமை போய்விடாது. கட்டணம் வாங்கிக்கொண்டு செய்வது சேவை, அதில் குறை இருந்தால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகார் கட்டணமும் இல்லை. இது கட்டணச் சேவையே அல்ல, செலவைப் பங்கிட்டுக்கொண்ட நண்பர்கள் குழு என்று ஏற்பாட்டாளர் பின்னால் சாதிக்கக்கூடும். அதற்காகவே அறிவிப்பு, பணம் அனுப்பிய ரசீது, உரையாடல் எதையும் அழிக்காமல் வையுங்கள்.

அலட்சியத்தால் உயிர் போனாலோ, வழியில் யாராவது பெண்களிடம் அத்துமீறினாலோ அது காவல்துறை விஷயம். சம்பவம் நடந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்துகொண்டு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது இப்போதைய சட்டம். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். பெண்களுக்கான 181 எண்ணும் இருக்கிறது.