பழைய கேம்பர் வேனுக்கு மாற்று எஞ்சின்

ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட மூன்றாம் தலைமுறை வேன் ஐரோப்பாவில் டி3 என்றும் அமெரிக்காவில் வானகன் என்றும் அழைக்கப்பட்டது. அதனுள் படுக்கை, அடுப்பு, உயர்த்தக்கூடிய கூரை ஆகியவற்றை அமைத்து வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் உருவாக்கிய கேம்பர் வேன், அதாவது உண்டு உறங்கிப் பயணம் செய்வதற்கான வீட்டு வண்டி, இன்றும் பலரால் பேணப்படுகிறது. கூடு உறுதியாக இருக்கும்போதே எஞ்சின் தளர்ந்துவிடுவதால், அவ்வண்டிகளுக்கு வேறு எஞ்சின் பொருத்துவது தனியொரு தொழில்நுட்பமாக வளர்ந்திருக்கிறது.

தொடக்கத்தில் இவ்வண்டியில் இருந்த, காற்றால் குளிரூட்டப்படும் 2 லிட்டர் எஞ்சின் சுமார் 70 குதிரைத்திறனையும், பின்னர் வந்த 1.6 லிட்டர் டீசல் எஞ்சின் சுமார் 50 குதிரைத்திறனையும் மட்டுமே தந்தன. பயணச் சுமையுடன் இரண்டு டன்னைத் தாண்டும் வண்டியை மலைப்பாதையில் ஏற்ற இவை திணறின. 1982-இன் இறுதியில் அறிமுகமான வாஸர்பாக்ஸர், நீரால் குளிரூட்டப்படுவதும் பிஸ்டன்கள் இருபுறமும் கிடைமட்டமாக இயங்குவதுமான எஞ்சினாகும். இதில் சிலிண்டர் தலையைச் சுற்றியுள்ள நீர்ப்பாதையை அடைத்து நிற்கும் ரப்பர் கேஸ்கெட்டை ஒட்டி, குளிர்விப்பு நீர்மம் உரிய காலத்தில் மாற்றப்படாதபோது, அலுமினியம் அரிக்கப்பட்டுக் கசிவு ஏற்படுவது பரவலான குறையாக அறியப்பட்டது.

மாற்று எஞ்சின்களில் முதலிடம் பெறுவது சுபாரு லெகசி காரில் வந்த 2.2 லிட்டர் இஜே22 ஆகும். இதுவும் கிடைமட்ட வகையே என்பதால் வண்டியின் பின்தளத்திற்குக் கீழுள்ள தாழ்வான இடத்தில் அடங்கிவிடுகிறது. சுமார் 130 குதிரைத்திறன் தருவதோடு நீண்ட ஆயுளுக்கும் பெயர் பெற்றது. எனினும் இதன் எண்ணெய்த் தொட்டி ஆழமானது என்பதால், தரையில் இடிபடாமலிருக்க அதை உயரம் குறைத்து அமைக்க வேண்டும்; கியர்பெட்டியோடு இணைக்கும் இடைத்தகடும், காரிலிருந்து எடுத்துச் சீரமைத்த மின்கம்பித் தொகுப்பும் கட்டுப்பாட்டுக் கணினியும் இதனுடன் தேவைப்படும். இதைவிட வலிமையான 2.5 லிட்டர் சுபாரு எஞ்சினின் தொடக்க வகைகளில் கேஸ்கெட் கசிவு மிகுதி என்பதால், அதைத் தேர்ந்தால் எந்தக் குறையிலிருந்து விடுபட முயல்கிறோமோ அதே குறை திரும்பி வரக்கூடும்.

இன்னொரு வழி வோக்ஸ்வாகனின் 1.9 லிட்டர் டிடிஐ டீசல் எஞ்சின். டி3 வண்டியின் பழைய டீசல் எஞ்சின் 50 பாகை சாய்த்தே பொருத்தப்பட்டிருந்ததால், அதன் தாங்கிகளும் இணைப்புப் பாகங்களும் இதற்குப் பெரிதும் உதவுகின்றன. இதன் 90 குதிரைத்திறன் வகை, சுழற்றும் விசையின் அளவான முறுக்குவிசையில் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டுவதையும், அதை நிமிடத்திற்குச் சுமார் 1,900 சுழற்சிகளிலேயே எட்டிவிடுவதையும் நோக்க, ஏற்றங்களுக்கும் எரிபொருள் சிக்கனத்திற்கும் இது ஏற்றது. ஆனால் டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியில் இயங்குவதால், கியர் விகிதத்தையும் அதற்கேற்ப மாற்ற நேரிடும்.

எந்த எஞ்சினைத் தேர்ந்தாலும், அதன் வலிமையைத் தாங்கும் திறன் பழைய கியர்பெட்டிக்கும் பிரேக்குகளுக்கும் உண்டா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டர் முன்புறமும் எஞ்சின் பின்புறமும் இருப்பதால், இடையில் வண்டியின் அடியில் ஓடும் நீண்ட நீர்க்குழாய்களையும் புதுப்பிக்க வேண்டும்; காற்றால் குளிரூட்டப்பட்ட வண்டியிலோ ரேடியேட்டரே கிடையாது என்பதால் செலவு பன்மடங்காகும். சட்டமும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது: கலிபோர்னியாவில் மாற்று எஞ்சின், வண்டியின் ஆண்டைவிடப் பழையதாக இல்லாமல், தனக்குரிய புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அனைத்துடனும் இருக்க வேண்டும், ஜெர்மனியில் அம்மாற்றம் ஆய்வாளரின் ஒப்புதலுடன் வண்டி ஆவணத்தில் பதியப்பட வேண்டும்.

ஆகவே குதிரைத்திறன் எண்ணைக் கடைசியில் பார்ப்பதே நன்று. இடம், கியர்பெட்டி, குளிர்விப்பு, சட்டம், உதிரிபாகம் ஆகிய ஐந்துக்கும் பொருந்தும் எஞ்சினே பழைய வண்டிக்கு இன்னொரு வாழ்நாளைத் தரும்.