மாடி வீட்டில் பிள்ளைத் துணி

திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை என்று நாலு பக்கமும் சாலை பிரியும் செம்பட்டியில் வீடுகள் இப்போது மேல்நோக்கி வளர்கின்றன. கீழே கடை, மேலே குடித்தனம். திண்டுக்கல் நகருக்குள் போனால் அடுக்குமாடி. பழைய காம்பவுண்டு வீடென்றால் துவைக்கிற கல்லும் துணிக்கொடியும் எல்லோருக்கும் பொது. மாடி வீட்டில் அதுவும் இல்லை, மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரர் கையில். இப்படியொரு வீட்டுக்குப் பச்சைக்குழந்தை வரும்போது பாட்டி நைந்த வேட்டியைக் கிழித்துக்கொண்டு வருகிறார், அப்பா மெடிக்கலில் டயப்பர் பாக்கெட் வாங்கி வருகிறார், சித்தி ஆன்லைனில் பூப்போட்ட துணி டயப்பர் ஆர்டர் செய்கிறார். மூன்றும் ஒரே அலமாரியில் கிடக்க, எதைக் கட்டுவது என்று யாருக்கும் தெளிவில்லை. இடமும் தண்ணீரும் வெயிலும் அளந்து கிடைக்கும் மாடி வீட்டுக்கு இவற்றில் ஒத்துவருவது பாட்டியின் மெல்லிய சதுரத் துணிதான், மேலே நீர்புகாத ஓர் உறையோடு. பழையது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தோல், தண்ணீர், உலர்த்தல் மூன்றையும் கணக்குப் பார்த்தால் விடை அங்கேதான் வந்து நிற்கிறது.

தோல் சிவப்பது எதனால்

டயப்பர் புண்ணுக்கு ரப்பர் மேல், ஜெல் மேல், துணியின் சோப்பு மேல் என்று ஆளுக்கொரு பழி போடுவார்கள். அடிப்படை ஒன்றே: ஈரமும் மலமும் தோலோடு ஒட்டிக்கிடக்கும் நேரம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. மூத்திரத்தில் உள்ள யூரியாவை மலத்திலுள்ள கிருமிகள் அம்மோனியாவாக மாற்றும்போது அந்த அமிலத்தன்மை போய்க் காரத்தன்மை ஏறுகிறது. அந்த நிலையில் மலத்தோடு வரும் செரிமான நொதிகளுக்கு வேகம் கூடுகிறது. உணவைக் கரைக்கிற அதே நொதிகள் ஊறிப்போன தோலையும் அரிக்கின்றன. அதன் மேல் துணியோ டயப்பரோ உரசினால் தோல் சிவந்து, பிறகு உரிகிறது. மூன்று நாள் கடந்தும் ஆறாமல், தொடை மடிப்புக்குள்ளும் சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெறித்திருந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா என்னும் பூஞ்சை. அப்போது மருத்துவரிடம் காட்டித்தான் ஆகவேண்டும். மெடிக்கலில் கேட்டால் கிடைக்கும் பல கலவைக் களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். இறுக்கமாக மூடிக்கட்டிய இடத்தில் அது வழக்கத்தைவிட அதிகமாக உடம்புக்குள் இறங்கும் என்பதால் குழந்தைக்கு அது ஆகாது. டால்கம் பவுடரும் வேண்டாம். தூவும்போது எழும் தூசி குழந்தையின் மூச்சுக்குள்தான் போகிறது.

இங்கே துணிப் பக்கம் நிற்பவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1980-களில் டயப்பருக்குள் ஜெல் வந்த பிறகு, ஈரத்தை அது உள்ளே இழுத்துவிடுவதால் தோல் உலர்வாக இருக்கிறது. துணியைவிடப் புண் குறைவு என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. ஆனால் இத்தகைய ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் குழுவின் 2006 அறிக்கை, டயப்பர் புண்ணைத் தடுக்கும் என்றோ தடுக்காது என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்றுதான் முடித்தது. மறுபக்கம், டயப்பரில் இருப்பதெல்லாம் விஷம் என்று பயமுறுத்துவதும் நியாயமில்லை. பிரான்சின் சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பான ஆன்செஸ் 2019-ல் சில டயப்பர்களில் வேதிப்பொருட்கள் பாதுகாப்பு வரம்பைத் தாண்டியிருக்கக் கூடும் என்று எச்சரித்தது. தயாரிப்பாளர்கள் அவற்றைக் குறைக்க வேண்டும் என்றது. அது கவனிக்க வேண்டிய செய்தி, அலற வேண்டிய செய்தி இல்லை.

ஜெல்லின் பலமே அதன் குறையும்கூட. ஈரம் வெளியே தெரியாததால் பெரியவர்கள் மறந்துபோகிறார்கள். மூத்திரத்தை ஜெல் உறிஞ்சிக்கொள்ளும், மலத்தை உறிஞ்சாது. ஐந்து மணி நேரம் கழித்துத் திறந்து பார்க்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. மெல்லிய துணிக்கு இந்தப் பாசாங்கு தெரியாது. நனைந்தால் நனைந்ததுதான், குழந்தை சிணுங்கும், மடி ஈரமாகும், மாற்றியே தீரவேண்டும். புண்ணுக்கு மருந்து அடிக்கடி மாற்றுவது என்றால், மாற்றச் சொல்லி நச்சரிக்கும் துணி நல்ல துணி.

உப்புத் தண்ணீர் என்ன செய்யும்

கடைகளில் துணி டயப்பர் என்று வருவது பெரும்பாலும் பை மாதிரித் தைத்து, உள்ளே பல அடுக்குப் பஞ்சுத்துணியோ மைக்ரோஃபைபரோ செருகுவது. பார்க்க அழகு, போடச் சுலபம். திண்டுக்கல் சமவெளியில் இதற்கு எதிரி போர்வெல் தண்ணீர். பாறைப்பாங்கான நிலம், நகரைச் சுற்றித் தோல் பதனிடும் தொழில் நிலத்தடி நீரில் ஏற்றிய உப்பு வேறு. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லையென்றால் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். குடிக்கிற தண்ணீருக்குத்தான் அந்த அளவுகோல். துவைக்கிற போர்வெல் தண்ணீரை யாரும் அளப்பதில்லை. சோப்புக் கட்டி அந்தத் தண்ணீரில் நுரைக்காது. கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் திரியும். அந்தப் பிசுக்கு நூலிழைகளில் படிந்தால் துணி மொடமொடப்பாகி, உறிஞ்சும் சக்தியை இழக்கிறது. கூடவே மூத்திர வாடையையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. ‘புதுசா வாங்கினப்ப நல்லா இருந்துச்சு, ரெண்டு மாசத்துல ஒழுகுது’ என்ற புகாருக்குக் காரணம் பல வீடுகளில் இதுதான்.

எட்டு அடுக்குக்குள் படிந்த பிசுக்கை எடுப்பது பெரும்பாடு. ஒற்றை அடுக்குத் துணியை இரண்டு அலசலில் மீட்டுவிடலாம். சோப்புக் கட்டிக்குப் பதில் சலவைத்தூள், அதனோடு கொஞ்சம் சலவை சோடா (ஆப்ப சோடா இல்லை) போட்டால் தண்ணீரின் கடினம் குறையும். முடிந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரை வைத்துக்கொள்ளலாம். துணி மென்மையாகும் என்று கண்டிஷனர் ஊற்றினால் அதுவும் மெழுகுபோலப் படிந்து உறிஞ்சலைக் கெடுக்கும். பிளீச்சிங் திரவத்தை மூத்திரத் துணிமேல் நேராக ஊற்றவே கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும், கதவு மூடிய சிறு குளியலறையில் அது ஆபத்து.

தண்ணீர் போதுமா

மாடி வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான், கேட்கவும் வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு துணி என்று வைத்துக்கொள்வோம். முதல் அலசலுக்கு ஒரு வாளி, துவைக்க ஒன்று, மறு அலசலுக்கு இரண்டு. பதினைந்து லிட்டர் வாளி என்றால் அறுபது லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். பிறந்த குழந்தையும் கணக்கில் ஓர் ஆள்தான்; குளியலைத் தவிர அதற்கு வேறு தண்ணீர்ச் செலவு என்ன? அதன் பங்கு கிட்டத்தட்ட அதன் துணிக்கே சரியாகிறது. ஆத்தூர் காமராஜர் அணை வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற கோடையில் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது டயப்பர் வாங்குவதில் குற்ற உணர்வு தேவையில்லை.

நனைந்த துணியை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு வைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுவது நல்லது. நாற்றமும் கிருமியும் பெருகுவது ஒரு பக்கம். தவழும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீர் போதும், தலைகுப்புற விழுந்து மூழ்க. மலத்தைக் கழிப்பறையில் தட்டிக் கழுவிவிட்டு, துணியைக் காற்றோட்டமான கூடையில் போட்டுவைத்து, அன்றன்றே துவைப்பது மேல். குழந்தையின் மலம்தானே, பால் மட்டும் குடிக்கிற பிள்ளைதானே என்ற நினைப்பு நம்மிடம் உண்டு. ஆனால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் அதிலும் தாராளமாக வெளியேறலாம். அதனால் கைகழுவும் சோப்பு அந்தக் கூடைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பால்கனியில் ஒரு கொடி

கிருமியைக் குறைக்கச் சலவைத்தூளுக்கு அடுத்தபடி கைகொடுப்பது வெயிலும் நன்றாகக் காய்வதும். ஒற்றை அடுக்குப் பருத்தித் துணி திண்டுக்கல் வெயிலில் மளமளவென்று காய்ந்துவிடும். அடுக்கடுக்கான செருகு துணி பால்கனி நிழலில் மாலை வரை நடுவில் ஈரம் விடாது; ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுநாளும் அப்படியே இருக்கும். மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டினாலும் மெல்லிய துணிக்கே அது பயன்படும். பொழுது சாய்ந்தால் பிள்ளைத் துணி வெளியே கிடக்கக் கூடாது என்று பாட்டிகள் சொல்வதன் காரணம் எதுவாகவும் இருக்கட்டும், பனி இறங்கி மறுபடி ஈரமாகும் முன் எடுத்துவைப்பது சரியான பழக்கம்.

செய்முறையும் எளிதுதான். இரண்டடிக்குச் சற்று மேலான சதுரத் துணி இருபத்து நான்கு, நீர்புகாத உறை நான்கு. துணியை முக்கோணமாக மடித்து, நடுவில் இன்னொரு மடிப்பு வைத்து, ஊசி குத்தாமல் முடிந்து, மேலே உறையைப் பட்டன் போட்டால் ஆயிற்று. உறையில் மலம் படாவிட்டால் துடைத்து உலர்த்தி மறுபடி போடலாம். 1940-களில் அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற தாய் குளியலறைத் திரையை வெட்டித் தைத்ததுதான் இந்த உறையின் முன்னோடி. துணிக்கு எங்கேயும் அலைய வேண்டாம். பக்கத்திலேயே சின்னாளபட்டி கைத்தறி ஊர். பழைய சுங்குடிச் சேலையும் நைந்த வேட்டியும் புதுத் துணியைவிட நன்றாகவே உறிஞ்சும். புதுத்துணியில் கஞ்சி இருந்தால் நாலைந்து முறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். துத்தநாகக் களிம்பு தடவும் நாளில் உள்ளே ஒரு சின்ன துண்டுத் துணி வைத்தால் களிம்பு பெரிய துணியில் படியாது.

யார் துவைப்பது

தண்ணீரையும் இடத்தையும்விடக் கனமான ஆட்சேபம் இது. பாட்டிகள் காலத்தில் துவைக்க அத்தையோ பெரியம்மாவோ இருந்தார்கள். மாடி வீட்டில் பெரும்பாலும் கணவன், மனைவி இருவர்தான். தையல் ஆறாத தாயைப் பன்னிரண்டு துணி துவைக்கச் சொல்லிவிட்டு இயற்கையைப் பற்றிப் பேசுவது அநியாயம். மெல்லிய துணி இருக்கிற வேலையைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. வாஷிங் மெஷின் இருந்தால் மலம் கழுவிய துணியைத் தனியாக ஒரு சுற்று ஓட்டலாம். குளிர்ந்த நீரில் அரை யூனிட்டுக்குமேல் ஆகாது. மெஷின் இல்லாத வீட்டில் துவைக்கிற முறை அப்பாவுக்கு வரவேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் பகலில் துணி, இரவுக்கும் பஸ் பயணத்துக்கும் டயப்பர் என்று பிரித்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் ஆகாது. டயப்பர் ஒன்று பத்து ரூபாய் என்றே வைத்தாலும், நாளுக்கு ஐந்து போட்டால் மாதம் 1,500 ரூபாய். ஒன்றிரண்டாகச் சுருங்கினால் அது 300, 600 ரூபாயில் நிற்கும்.

போடுகிற அந்த ஒன்றிரண்டையும் சரியாகக் கழிக்க வேண்டும். கழிப்பறையில் போட்டால் ஜெல் ஊதி, அடைப்பது ஒரு வீட்டுக் குழாயை மட்டுமில்லை, அடுக்குமாடி முழுவதையும். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் டயப்பரைச் சுகாதாரக் கழிவு என்று சொல்லி, பொதிந்து கொடுக்கச் சொல்லியிருந்தன. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து, தனியாகக் கொடுத்தால் அதைக் கையால் எடுக்கிற தூய்மைக் காவலருக்கு அருவருப்பாவது மிஞ்சாது.

துணியின் பலன் முழுதாகக் கிடைப்பது அடுத்த குழந்தையில். பிரிட்டன் அரசு 2008-ல் வெளியிட்ட ஆய்வு, துணியைக் கொடியில் காயவைத்து, மெஷினை நிறைத்து ஓட்டி, இரண்டாம் பிள்ளைக்கும் பயன்படுத்தினால் கார்பன் பாதிப்பு 40 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டது. ஆனால் எடுத்துவைக்கும்போது பீரோவில் அந்துருண்டை போட வேண்டாம். நாஃப்தலீன் ஏறிய துணியைக் கட்டினால், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சைக்குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். அந்தக் குறை இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. ஏற்கெனவே உருண்டை போட்டுவைத்த பெட்டியிலிருந்து எடுத்ததா? நன்றாகத் துவைத்து, வாடை துளியும் இல்லாத வரை இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு எடுத்த பிறகு கட்டுங்கள்.