அரிசி மண்டியா? அரசி மண்டியா? போர்டு எழுத்தில் வரும் வம்பு!

முத்துப்பேட்டை:

அரிசி மண்டிக்காரர் ஒருவர் புது போர்டு அடிக்கிறார் என்று வையுங்கள். "யாரிடமும் இல்லாத எழுத்தா போடுப்பா" என்கிறார். கம்ப்யூட்டர் கடைப் பையனும் நெளிந்து வளைந்த எழுத்தாகப் பார்த்துப் போட்டுத் தருகிறான். கிட்டே நின்று பார்த்தால் ஜோர்! பஸ்சில் போகிறவர் கண்ணுக்கு? "ரி"யின் மேல்வளைவு நூலாக மெலிந்து மறைந்துபோக, "அரசி மண்டி"! ராணியம்மாளையா எடை போட்டு விற்கிறார்கள்?

தமிழில் ஒரு புள்ளி போனால் "பால்" "பால" ஆகிவிடும். சுழி அடைத்துக்கொண்டால் "ண" எது, "ன" எது என்று தெரியாது. ஆகவே காசு கொடுக்கும் முன் கடைப் பெயரைத் தாளில் அடித்து வாங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பாருங்கள். செல்போனில் பொடி எழுத்தாக்கியும் பாருங்கள்.

காசில்லாமல் கிடைக்கிறது

கூகுளின் எழுத்துருத் தளத்தில் நல்ல சரக்கு இலவசம். கடைக்கும் தாராளமாகப் போடலாம். பிரியா ரவிச்சந்திரன் வரைந்த "கட்டமரான்" (நம்ம கட்டுமரம்தான்!) மெலிந்தது முதல் தடித்தது வரை 9 கனத்தில் இருக்கிறது. வெப்சைட், விலைப் பட்டியலுக்குத் தோது. கொழுகொழு "பலூ தம்பி" மிட்டாய்க் கடைக்குப் பொருத்தம். இலங்கைக்காரர் தாரிக் அஸீஸ் உருவாக்கிய "கவிவனார்" சாய்ந்த கையெழுத்து மாதிரி. கல்யாணப் பத்திரிகைக்கு அழகு, மருந்துக் கடைக்கு வேண்டாம்.

வேஷம் கலைந்தது!

வெப்சைட் போடுகிறவர்கள் உஷார்! பாமினி போன்ற பழைய எழுத்தில் அடித்தால், கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருப்பது இங்கிலீஷ் எழுத்துதான். வெளியே தமிழ் வேஷம். பாமினி இல்லாத மெஷினில் திறந்தால் வேஷம் கலைந்து வாயில் நுழையாத இங்கிலீஷ் குப்பை வந்து நிற்கும். "முத்துப்பேட்டை அரிசி மண்டி" என்று தமிழில் தேடுகிறவர் கையில் கடை சிக்காது. வியாபாரம் போச்சு!

யுனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. தமிழக அரசும் 2010-ல் அதை ஏற்று ஆணை போட்டது. மேலே சொன்ன மூன்று எழுத்துகளும் யுனிகோடுதான். எனவே தேடினால் கிடைக்கும்.

அதுவும் வேண்டாம், தனி முகம்தான் வேண்டும் என்றால் இன்னொரு வழி. பிரஷ் பிடிக்கும் பழைய பெயிண்டர் யாராவது இருந்தால் கடைப் பெயரை எழுதச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டிலும் வெப்சைட்டிலும் அதையே போடலாம். கீழே யுனிகோடில் ஒரு வரி பெயர் இருக்கட்டும். பெயிண்டரின் கைவளைவு பக்கத்துக் கடைக்காரருக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் கிடைக்காது.