நோய்க்கும் நலத்திற்கும் இடையே

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை நலம் விசாரிக்கச் செல்லும்போது இருவகை அறிவுரைகள் நம் செவியில் விழுகின்றன. "அசையாமல் படுத்திருங்கள்" என்பார் ஒருவர். "எழுந்து வழக்கமான வேலையைப் பாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்பார் மற்றொருவர். இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவை, இரண்டும் பிழையானவை. முதலாமவர் தேறிவருபவரை இன்னும் நோயாளி என்றே எண்ணுகிறார். இரண்டாமவர் அவரை நலமடைந்தவர் என்று முடிவு செய்துவிடுகிறார். அவரோ இரண்டும் அல்லர்.

இந்த இடைநிலைக்கு அரபு மொழியில் தனிச்சொல் உண்டு. நோய் நீங்கியும் வலிமை முழுதாகத் திரும்பாதவரை 'நாகிஹ்' என்பர். உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் இல்லத்திற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வந்தபோது, நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த அலீ (ரலி) அவர்களும் உடன் வந்தார்கள். அங்கே பேரீச்சங்குலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நாயகம் (ஸல்) உண்டார்கள். அலீ (ரலி) அவர்களும் உண்ண முற்பட்டபோது, அவர் தேறிவரும் நிலையில் இருப்பதை நினைவூட்டித் தடுத்தார்கள். பின்னர் வாற்கோதுமையும் கீரையும் சேர்த்துச் சமைத்த உணவு வந்ததும், அதுவே அவருக்கு ஏற்றது என்று உண்ணச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இங்கே தடையும் உண்டு, அனுமதியும் உண்டு. தேறிவருபவர் பட்டினி போடப்படவில்லை. நலமுற்றவரின் உணவும் அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய நிலைக்கேற்ற மூன்றாவது ஒன்று தரப்பட்டது. கி.பி. 873 இல் மறைந்த மருத்துவ அறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், உடலின் நிலைகளை நலம், நோய், இரண்டும் அல்லாதது என மூன்றாகப் பகுத்ததும் இங்கே நினைக்கத்தக்கது. உணவில் காட்டப்பட்ட இந்த அளவை உடலுழைப்பிலும் உடற்பயிற்சியிலும் எவ்வாறு கைக்கொள்வது என்பதே நம் கேள்வி.

முற்காலத்தில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருப்பது வழக்கமாக இருந்தது. 1899 இல் சிகாகோவின் எமில் ரீஸ் என்னும் மருத்துவர், நோயாளிகளை விரைவில் எழுந்து நடக்கச் செய்யலாம் என்று எழுதினார். இக்கருத்து பரவலாக ஏற்கப்பட ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் இதனை ஒரு முறையான ஒழுங்காகவே வகுத்தார். காரணம் எளிது. படுத்தே இருப்பவரின் கெண்டைக்கால் சிரைகளில் இரத்தம் தேங்கி உறையலாம்; அவ்வுறைவு நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. மூச்சு மேலோட்டமாகி நுரையீரலில் சளி தங்கும். தசைகள் நாளுக்கு நாள் மெலியும்.

ஆயினும் எழுந்து நடப்பது வேறு. பாரம் தூக்குவது வேறு. வெளித்தோல் பத்து நாட்களில் மூடிவிடுகிறது. ஆனால் காயம்பட்ட இடம் மூன்று வாரத்தில் தன் பழைய உறுதியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே பெறுகிறது. மூன்று மாதத்தில் ஐந்தில் நான்கு பங்கை எட்டுகிறது. ஆகவேதான் வயிற்றைத் திறந்து செய்த அறுவைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரம் வரை, நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் பொதுவாகக் கூறுகின்றனர்.

சமவெளியில் எளிதாகத் தோன்றும் அறிவுரை மலையில் என்னவாகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் வாழும் ஓர் உழவருக்குக் குடலிறக்க அறுவை நடந்திருக்கிறது என்று கொள்வோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவர் வீடு திரும்புகிறார். "தினமும் நடங்கள்" என்று மருத்துவர் சொல்லியனுப்பியிருக்கிறார். ஆனால் அவருடைய வாசலைத் தாண்டினால் ஏற்றம், இல்லையேல் இறக்கம். அவர் பார்க்கும் வேலையோ படிப்படியான வயல்களில் உழைப்பதும், ஏணி வைத்து மரமேறி மிளகு பறிப்பதும், மூட்டை சுமப்பதும் ஆகும்.

இறங்குவது எளிது என்று தோன்றும். திரும்பி வருவது ஏற்றம் என்பது பிறகுதான் நினைவுக்கு வரும். மேலும், இறங்கும்போது தொடைத்தசைகள் உடலின் எடையைப் பிடித்து நிறுத்துகின்றன. அந்த வலி மறுநாளே தெரியும். ஆகவே அவர் முதலில் வீட்டு முற்றத்திலேயே ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து முறை நடக்கலாம். அடுத்து, மலைச்சரிவின் குறுக்காகச் சமமாகச் செல்லும் பாதையில் நடக்கலாம். ஏற்றம் அதற்கும் பிறகு. பாரம் எல்லாவற்றுக்கும் இறுதியில். நடக்கும்போது ஒரு சிறு சூராவை மூச்சு வாங்காமல் ஓத முடிந்தால் அளவு சரியே. மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் ஒரு படி பின்வாங்க வேண்டும். காய்ச்சல், காயத்தில் கசிவு, ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம், நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாது மருத்துவமனையை நாட வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இல்லம் தேடிச் சென்று இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் சேர்க்கப்பட்டது. இத்தகைய உழவருக்கே அது பெரிதும் வேண்டியது.

இந்தப் படிமுறை நமக்குப் புதியதன்று. மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழவும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் நாயகம் (ஸல்) வழிகாட்டினார்கள். புகாரீயில் காணப்படும் இச்செய்தியே நோயாளியின் தொழுகைச் சட்டங்களுக்கு அடிப்படை. நிற்க முடிந்தும் குனிய இயலாதவர் நின்றே சைகையால் தொழ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு; அவர் அமர்ந்து சைகையால் தொழலாம் என்பது ஹனஃபீ மத்ஹபு. நம்பத்தகுந்த மருத்துவரின் சொல்லை ஏற்று, கண் நோயுற்றவர் நிற்பதை விட்டுப் படுத்துத் தொழலாம் என்றும் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன.

எனவே நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டவர், எலும்பு சேரும்வரை, ஸுஜூதிலிருந்து கைகளை ஊன்றி எழலாமா என்பதை மருத்துவரிடம் கேட்பதில் வெட்கமில்லை. இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு ஆழ்ந்து மடங்குவதும், கண் அறுவை செய்தவருக்குத் தலை தாழ்த்துவதும் சில காலம் தடுக்கப்படலாம். பிடிவாதமாக ஸுஜூது செய்து தையலைப் பிரித்துக்கொள்வது பக்தி ஆகாது.

இதன் மறுபக்கத்தைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். காரணத்தால் வந்த சலுகை, காரணம் நீங்கியதும் நீங்கும் என்பது ஃபிக்ஹின் பொது விதி. அமர்ந்து தொழத் தொடங்கியவருக்குத் தொழுகையின் நடுவிலேயே நிற்கும் வலிமை வந்துவிட்டால், அவர் எழுந்து நிற்க வேண்டும் என்கிறது ஷாஃபிஈ மத்ஹபு. அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கென நாற்காலியில் அமர்ந்தவர், ஆண்டுகள் கடந்தும் அதை விட்டு எழாமல் இருப்பதை நம் பள்ளிவாசல்களில் காண்கிறோம். கடைவீதிக்கு நடந்து செல்லும் கால்கள் ஸஃப்பில் மட்டும் தளர்ந்துவிடுகின்றன. பயன்படுத்தாத தசை மெலிகிறது. மெலிந்தபின் சலுகை தேவையாகவே மாறிவிடுகிறது.

ஆகவே தேறிவருபவர் ஒவ்வொரு வாரமும் தம்மைத்தாமே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வது நன்று. இன்று என்னால் இயலாததை வலிந்து செய்கிறேனா? இன்று என்னால் இயல்வதைச் செய்யாமல் விடுகிறேனா? முதல் கேள்வி உடலைக் காக்கும். இரண்டாவது உடலையும் கடமையையும் சேர்த்துக் காக்கும். நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் முழு ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.