உரிமம் பெற்ற உளவு

ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் அகமது மன்சூரின் ஐபோனுக்கு 2016 ஆகஸ்டில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அமீரகச் சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய புதிய ரகசியங்கள் கீழே உள்ள இணைப்பில் இருப்பதாக அது சொன்னது. ஏற்கெனவே உளவு மென்பொருட்களுக்கு இலக்கானவர் என்பதால் மன்சூர் இணைப்பைத் தொடவில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வகத்துக்கு அந்தச் செய்தியை அப்படியே அனுப்பிவைத்தார். அவர் ஒருமுறை தொட்டிருந்தாலும் கைபேசியின் மைக், கேமரா, செய்திகள், இருப்பிடம் எல்லாம் வேறொருவர் வசமாகியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த என்எஸ்ஓ குழுமத்தின் ‘பெகாசஸ்’ மென்பொருள் உலகின் பார்வைக்கு வந்தது அப்போதுதான். ஆப்பிள் நிறுவனம் சில நாட்களிலேயே அந்தப் பாதுகாப்பு ஓட்டையை அடைத்துவிட்டது. மன்சூரை அமீரக அரசு 2017 மார்ச்சில் கைதுசெய்தது. 2018-ல் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

மன்னராட்சி நடக்கும் நாட்டில் இப்படி நடந்ததில் வியப்பில்லை. கவலைக்குரியது அந்தக் கருவியின் பிறப்பிடம். தேர்தலும் நாடாளுமன்றமும் உள்ள ஒரு நாட்டில், அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஏற்றுமதி உரிமத்தோடு விற்கப்பட்ட பொருள் அது. உலகில் ஜனநாயகம் தேய்ந்துவருவதைச் சுவீடனின் வி-டெம் ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் அளந்து சொல்கிறது. அதன் 2025 அறிக்கையின்படி, எதேச்சாதிகார ஆட்சி நடக்கும் நாடுகள் 91. ஜனநாயக நாடுகள் 88. எதேச்சாதிகாரத்தின் கை இப்படி ஓங்குவது 20 ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் இதுவே முதல்முறை. இதற்குக் காரணமாக சீனாவையும் ரஷ்யாவையும் கைகாட்டிவிட்டு நகர்வது எளிது. ஆனால், தேர்தலை நடத்திக்கொண்டே அதன் உயிரை எடுக்கும் கருவியைத் தயாரித்ததும், விற்க உரிமம் தந்ததும், வாங்கிக் குவித்ததும் பெரும்பாலும் தங்களை ஜனநாயகம் என்று அழைத்துக்கொள்ளும் நாடுகள்தான். இந்தச் சீரழிவின் ஒரு பெரும்பகுதி வெளியிலிருந்து வந்ததல்ல, உள்ளேயே விளைந்தது.

போலந்தில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணியின் பிரச்சாரத்துக்குத் தலைமை ஏற்றிருந்தவர் கிரிஸ்டாஃப் பிரேஸா. அந்தத் தேர்தல் ஆண்டில் மட்டும் அவருடைய கைபேசி 33 முறை பெகாசஸால் ஊடுருவப்பட்டதாக சிட்டிசன் லேப் பின்னர் கண்டறிந்தது. அதிலிருந்து களவாடப்பட்ட செய்திகள் திரிக்கப்பட்டு அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. வாக்குப்பெட்டியை யாரும் தூக்கிச் செல்லவில்லை. வாக்கு எண்ணிக்கையில் யாரும் கைவைக்கவில்லை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சியின் தேர்தல் அறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். மென்பொருளை வாங்கிய 2.5 கோடி ஸ்லாட்டி, குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதற்கென்று நீதி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நிதியத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆட்சி மாறிய பிறகு, 2017 முதல் 2022 வரை 578 பேர் பெகாசஸால் கண்காணிக்கப்பட்டதாகப் புதிய நீதி அமைச்சர் ஆடம் போட்னர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தார். அதே நிதியத்தில் முறைகேடு செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட முன்னாள் துணை நீதி அமைச்சருக்கு 2024 டிசம்பரில் அடைக்கலம் தந்த நாடு எது தெரியுமா? பெகாசஸை வாங்கிய இன்னொரு நாடான ஹங்கேரி.

ஹங்கேரியின் பாடம் இதைவிடக் கசப்பானது. பெகாசஸ் வாங்கப்பட்டதை 2021 நவம்பரில் ஆளுங்கட்சியின் மூத்த தலைவர் ஒருவரே ஒப்புக்கொண்டார். எல்லாம் சட்டப்படியே நடந்தது என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லியிருக்க வேண்டிய தேவையே இல்லை. தேச பாதுகாப்பு என்ற பெயரில் ஒருவரைக் கண்காணிக்க அந்நாட்டில் நீதிபதியின் அனுமதி வேண்டாம், நீதி அமைச்சரின் கையெழுத்தே போதும். ஆட்சியிலிருப்பவரே மனுதாரர், அவரே நீதிபதி. இந்த ஏற்பாடு மனித உரிமைக்கு எதிரானது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016-லேயே தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு வந்த பிறகும் சட்டம் அசையவில்லை. புலனாய்வுப் பத்திரிகையாளர் சபோல்ச் பான்யியின் கைபேசி 2019-ல் ஊடுருவப்பட்டது. சட்டத்தை மீறும் அரசை நீதிமன்றத்தில் நிறுத்தலாம். சட்டத்தையே தனக்கு வசதியாக வைத்துக்கொண்ட அரசை எங்கே நிறுத்துவது?

இந்த வணிகம் ஏன் இவ்வளவு எளிதாக நடந்தது? நியூயார்க் டைம்ஸ் 2022 ஜனவரியில் வெளியிட்ட புலனாய்வுக் கட்டுரை இதற்கு விடை சொன்னது. பெகாசஸ் விற்பனை உரிமத்தை இஸ்ரேலின் நெதன்யாகு அரசு நட்பை வளர்க்கும் பரிசாகப் பயன்படுத்தியது என்பதே அதன் சாரம். போலந்து, ஹங்கேரி, இந்தியா ஆகிய நாடுகளின் பெயர்கள் அதில் இடம்பெற்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 நாடுகளுக்கு விற்றிருப்பதாக என்எஸ்ஓ நிறுவனமே ஐரோப்பிய நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் சொன்னது. ஒரு நாட்டின் எதிர்க்கட்சித் தலைவர் யாரோடு என்ன பேசுகிறார் என்று அறியும் வாய்ப்பை இன்னொரு நாடு ராஜதந்திரப் பரிசாக வழங்குகிறது என்றால், வெளியுறவுக் கொள்கைக்கும் உள்நாட்டு ஜனநாயகத்துக்கும் நடுவே இருந்த சுவர் இடிந்துவிட்டது என்று பொருள்.

பயங்கரவாதிகளையும் குழந்தைக் கடத்தல்காரர்களையும் பிடிக்க இத்தகைய கருவிகள் வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒற்றர் இல்லாத அரசு உலகில் இருந்ததில்லை. வள்ளுவரும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். ஆனால், ஒற்றன் ஆராய வேண்டியவர்கள் என்று அவர் சொல்லும்போது, அரசப் பணி செய்வோரையும் அரசனின் சுற்றத்தாரையும் முன்னால் வைத்து, பகைவரை அதற்குப் பிறகே சொல்கிறார். இன்றைய உளவு நேர்மாறாக இருக்கிறது. மெக்ஸிகோவில் 2016-ல் இலக்கானவர்கள் யார் என்று பாருங்கள்: குளிர்பானங்களுக்கான வரியை உயர்த்த வேண்டும் என்று பேசிய ஒரு பொதுச் சுகாதார அறிவியலாளரும் இரண்டு பிரச்சாரகர்களும். மகள் விபத்தில் சிக்கி மருத்துவமனையில் கிடக்கிறாள் என்று அந்த அறிவியலாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, பதறிப்போய் இணைப்பைத் தொடவைக்கப் பார்த்தார்கள். அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்கிறது என்எஸ்ஓ. சர்க்கரைத் தண்ணீருக்கு வரி கேட்டவர்கள் எந்தத் தேசத்தின் பாதுகாப்புக்கு ஆபத்தாக இருந்தார்கள்? கருவி இருக்கலாமா என்பதைவிட, யார் மீது ஏவப்படுகிறது, அதை யார் தடுத்துக் கேட்பார்கள் என்பதே முக்கியம்.

தடுத்துக் கேட்கும் இடத்தில்தான் நம் நாடும் தடுமாறுகிறது. இங்கும் கைபேசிகள் உளவுபார்க்கப்பட்டதாக எழுந்த பெகாசஸ் விவகாரம் 2021-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, ஒன்றிய அரசு குற்றச்சாட்டுகளைப் பொதுவாக மறுத்தது. அந்த மென்பொருளைப் பயன்படுத்தியதா இல்லையா என்ற நேர்க் கேள்விக்கு, தேச பாதுகாப்பைக் காட்டி, விடை தர மறுத்தது. அந்தச் சொல்லைச் சொன்னவுடன் நீதிமன்றம் வாய்மூடி நிற்காது என்ற பொருளில் தலைமை நீதிபதி என்.வி. ரமணா தலைமையிலான அமர்வு உத்தரவிட்டு, நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. 29 கைபேசிகளை ஆராய்ந்த குழு, ஐந்தில் தீய மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும், அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் 2022-ல் தெரிவித்தது. முழு அறிக்கை மக்கள் பார்வைக்கு வரவில்லை. இங்கும் தொலைபேசியை ஒட்டுக்கேட்க உத்தரவிடுபவர் நீதிபதி அல்ல, உள்துறைச் செயலாளர். அந்த உத்தரவு சரியா என்று பார்ப்பது இன்னும் சில செயலாளர்கள் அடங்கிய குழு. ஹங்கேரியைக் குறை சொல்லும் அருகதை நமக்கு அவ்வளவாக இல்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு: நாம் விற்காவிட்டால் சீனா விற்கும், கட்டுப்பாடுகளால் பயனில்லை. நடந்தது இதைப் பொய்யாக்குகிறது. 2021 நவம்பரில் அமெரிக்க வணிகத் துறை என்எஸ்ஓவைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. அதே மாதத்தில், இணைய உளவுக் கருவிகளை விற்கலாம் என்ற பட்டியலில் இருந்த 102 நாடுகளை இஸ்ரேல் 37 ஆகக் குறைத்ததாகச் செய்தி வந்தது. உலகெங்கும் சுமார் 1,400 பயனர்களின் கைபேசிகளைக் குறிவைத்ததற்காக வாட்ஸ்அப் தொடர்ந்த வழக்கில் என்எஸ்ஓ தோற்றது. அந்நிறுவனம் இனி வாட்ஸ்அப்பைக் குறிவைக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா நீதிமன்றம் 2025 அக்டோபரில் நிரந்தரத் தடை விதித்தது. ஒரு பெரிய சந்தை கதவைச் சாத்தினால் விற்பவர் வழிக்கு வருவார் என்பதற்கு இவையே சான்று.

ஆனால், சாத்திய கதவு இப்போது திறந்துகொண்டிருக்கிறது. பாரகன் என்ற இன்னோர் இஸ்ரேலிய நிறுவனத்தின் மென்பொருளால் பத்திரிகையாளர்கள் உட்பட சுமார் 90 பேர் குறிவைக்கப்பட்டதாக வாட்ஸ்அப் 2025 ஜனவரியில் அறிவித்தது. பைடன் ஆட்சியில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த அதே நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கு, அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறை 2025 ஆகஸ்டில் உயிர் கொடுத்தது. மற்ற நாடுகளின் தேர்தல் நேர்மையாக நடந்ததா என்று பொதுவெளியில் கருத்துச் சொல்வதைத் தவிர்க்குமாறு அமெரிக்கத் தூதரகங்களுக்கு அதற்கு முந்தைய மாதம்தான் உத்தரவு போயிருந்தது. அமெரிக்காவின் ஜனநாயகப் பரிவு எந்தக் காலத்திலும் தன்னலம் கலக்காததாக இருந்ததில்லை. தனக்கு வேண்டிய சர்வாதிகாரிகளை அது தாங்கியே வந்திருக்கிறது. என்றாலும், அரைகுறையான அந்த அழுத்தம்கூடச் சிறையில் இருப்பவர்களுக்கும் சிறிய பத்திரிகைகளுக்கும் ஓரளவு காவலாக இருந்தது. அதுவும் போய்விட்டால், ஒரு நாட்டின் மக்களுக்கு மிஞ்சுவது அவர்களுடைய சொந்த நீதிமன்றமும் நாடாளுமன்றமும்தான்.

ஆகவே, கேட்க வேண்டியவற்றை நம் வீட்டிலிருந்தே கேட்கத் தொடங்க வேண்டும். ஒருவரின் கைபேசிக்குள் அரசு நுழைய வேண்டுமென்றால் நீதிபதி ஒருவரின் எழுத்துபூர்வமான அனுமதி கட்டாயமாக வேண்டும். விசாரணை முடிந்த பிறகு, கண்காணிக்கப்பட்டவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். எந்த உளவு மென்பொருள், எந்த நிதியிலிருந்து வாங்கப்பட்டது என்பது நாடாளுமன்றக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். ரவீந்திரன் குழுவின் அறிக்கையில் பாதுகாப்பு நுணுக்கங்கள் தவிர்த்த பகுதிகள் வெளியாக வேண்டும். உளவு மென்பொருளை ஆயுதமாகக் கருதி, அதை விற்கும் நாட்டையும் பொறுப்பாக்கும் சர்வதேச உடன்படிக்கைக்கு இந்தியா குரல் கொடுக்க வேண்டும். போலந்தில் 578 என்ற எண் வெளிவந்ததற்குக் காரணம், அந்நாட்டு வாக்காளர்கள் ஆட்சியை மாற்றியதும், புதிய ஆட்சியைக் கணக்குக் கேட்டதும்தான். நம் நாட்டின் எண் என்ன என்று இதுவரை யாரும் நமக்குச் சொல்லவில்லை. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்தக் கேள்வியை அவரிடம் கேளுங்கள்.