மைனஸ் 20 டிகிரியில் மீன் பிடிக்கலாம்... ஜீன்ஸ் மட்டும் வேண்டாம்!

டொரன்டோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் சிம்கோ ஏரி. கோடையில் படகு ஓடும் இந்த ஏரி, குளிர்காலத்தில் தரைபோல இறுகிவிடும். விடியும் முன்பே ஆட்கள் அதன்மேல் நடந்து போவார்கள். 'ஆகர்' என்ற பெரிய திருகுக் கருவியால் பனிக்கட்டியில் துளை போட்டு, கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியின்மேல் உட்கார்ந்து, முழ நீளத் தூண்டிலை உள்ளே இறக்குவார்கள். பெர்ச், ஒயிட்ஃபிஷ், லேக் ட்ரவுட்... மாட்டினால் குழம்பு. மாட்டாவிட்டால் ஃபிளாஸ்க்கில் இருக்கும் டீ!

ஸ்கார்பரோ பக்கம் குடியேறியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் எட்டும் தூரம்தான். ஆனால், புதிதாகப் போகிற யாரும் எளிதில் செய்துவிடும் தவறு ஒன்று உண்டு. கடையில் இருப்பதிலேயே தடிமனான ஜாக்கெட்டை வாங்குவார்கள். அதற்குள்ளே வழக்கமான காட்டன் பனியன். கீழே ஜீன்ஸ்.

மைனஸ் 20 டிகிரியில்கூட மனிதனுக்கு வியர்க்கும். சாமான்கள் ஏற்றிய சறுக்குவண்டியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு பனியில் நடந்து, நான்கைந்து துளை போட்டு முடிப்பதற்குள் முதுகு நனைந்துவிடும். அப்போது குளிர் தெரியாது. உட்கார்ந்து அரை மணி நேரம் ஆனதும்தான் விஷயம் புரியும். காட்டன் ஈரத்தை உறிஞ்சி உடம்போடு ஒட்டவைத்துக்கொள்ளும், லேசில் காயாது. காற்றைவிடத் தண்ணீர் உடல் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக உருவிவிடும். மேலே எத்தனை ஆயிரம் ரூபாய் ஜாக்கெட் இருந்தாலும், உள்ளே ஈரத்துணி சுற்றியதுபோலத்தான். 'காட்டன் கொல்லும்' என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. நம் ஊர் வெயிலுக்கு வரமாக இருக்கும் துணி, அங்கே வில்லன்.

அதனால் தோலை ஒட்டி அணிவது மெரினோ கம்பளியாகவோ, பாலியஸ்டர் தெர்மலாகவோ இருக்க வேண்டும். கம்பளிக்கு ஒரு தனிக் குணம்: தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும், தொட்டால் நனைந்ததுபோலத் தெரியாது. அதன்மேல் ஃபிளீஸ் ஸ்வெட்டர். அனுபவசாலிகள் இதைப் போட்டுக்கொண்டு நடப்பதில்லை. பையில் எடுத்துப் போய், துளை போடும் வேலையெல்லாம் முடிந்து உட்காரும்போதுதான் மாட்டுவார்கள்.

மூன்றாவது, வெளிச்சட்டை. தண்ணீர் உள்ளே வரக் கூடாது; வியர்வை ஆவி வெளியே போக வேண்டும். இந்த இரண்டையும் செய்யும் துணிகளில் புகழ்பெற்றது கோர்-டெக்ஸ். 1969-ல் பாப் கோர் என்ற அமெரிக்கர் டெஃப்லான் வகைப் பொருள் ஒன்றைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது, அது நுண்துளைகள் நிறைந்த படலமாக விரிந்தது. நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் போகக்கூடிய துளைகள்!

கடையில் லேபிளை நிதானமாகப் படிக்க வேண்டும். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் தூறலைத் தாங்கும், அவ்வளவுதான். 'வாட்டர்ப்ரூஃப்' என்பதே தேவை. உடையை உட்புறம் திருப்பிப் பார்த்தால், தையல்களின்மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசி போன வழியில் தண்ணீரும் போகும். பேன்ட்டும் சாதாரண பேன்ட் அல்ல, மார்புவரை ஏறித் தோளில் பட்டை மாட்டும் 'பிப்' வகை நல்லது. துளைக்குப் பக்கத்தில் எப்போதும் கூழ்போலப் பனிச்சேறு கிடக்கும். அதில்தான் மண்டியிட்டு மீனை எடுக்க வேண்டும். குனியும்போது இடுப்பில் காற்று புகாது; முழங்காலும் நனையாது.

இந்த அடுக்கு முறை நவீனக் கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. ஆர்க்டிக்கின் இனுயிட் மக்கள், கரிபூ மான் தோலில் இரண்டு உடைகள் தைப்பார்கள். உள்ளாடையின் ரோமம் உடம்பைப் பார்க்கும், வெளியாடையின் ரோமம் வெளியே பார்க்கும். அலாஸ்காவின் யுப்பிக் மக்கள் சீல் குடலைக் கீறித் தைத்து மழைக்கோட்டு செய்தார்கள்.

பூட்ஸ் விஷயத்தில், 'கால் குளிருதா, இன்னொரு சாக்ஸ் போடு' என்பது எல்லோர் வீட்டிலும் சொல்வதுதான். அது தப்பு! பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் சில்லிடும். ஒரு சைஸ் பெரிய பூட்ஸ், கனமான கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி, விரல்கள் அசைய இடம், இது போதும். உள்ளே இருக்கும் கம்பளி உறை கழற்றிக் காயவைக்கும்படி இருக்க வேண்டும். கைக்கு, விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் 'மிட்டன்' கூடுதல் சூடு. மீனைத் தொட்ட கை நனையாமல் இருக்காது. எனவே மாற்று ஜோடி அவசியம்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால், முகத்தில் மைனஸ் 33 போல உறைக்கும். திறந்த ஏரியில் ஒதுங்க மரம் கிடையாது. காது, கழுத்து மூடாமல் போகிறவர்கள் பாதியிலேயே திரும்ப வேண்டியதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் பனிக்கட்டி உடையாதவரை. 2009 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கரையோரம் ஈரி ஏரியில் பெரிய பனிப்பாளம் ஒன்று பிய்த்துக்கொண்டு நகர்ந்தது. 130-க்கும் மேற்பட்டோரை ஹெலிகாப்டரும் படகுகளும் வந்து மீட்டன. தண்ணீரில் விழுந்த ஒருவர் இறந்துபோனார்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், தானே உறைநீரில் இறங்கி ஆராய்ச்சி செய்தவர். அவர் சொல்லும் கணக்கு 1-10-1. விழுந்ததும் வரும் மூச்சிரைப்பை அடக்க 1 நிமிடம்; கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம்; நினைவு தப்ப 1 மணி நேரம். குளிர் உடனே கொன்றுவிடாது. அந்த முதல் சில நிமிடங்களில் மூழ்கிவிடுவதே பேராபத்து.

அதனால் ஒரே ஒரு பொருளுக்குத்தான் அதிகம் செலவழிக்க முடியும் என்றால், அது உள்ளே நுரைப் படலம் வைத்த 'ஃப்ளோட் சூட்'டாக இருக்கட்டும். தண்ணீரில் விழுந்தால் மிதக்க உதவும். ஆனால், இவற்றில் பல, உயிர்காப்பு ஜாக்கெட்டுக்கான சான்றிதழ் பெற்றவை அல்ல. லேபிளைப் பார்த்தே வாங்க வேண்டும். 4 அங்குலத்துக்குக் குறைவான பனியில் எந்த உடையோடும் கால் வைக்கக் கூடாது.

இன்னொன்று, விலை குறைந்தது: கயிற்றில் இணைத்த இரண்டு கூர்முனைப் பிடிகள். ஜாக்கெட்டுக்கு வெளியே, கழுத்தில் தொங்க வேண்டும். விழுந்தவர், வந்த பக்கமே திரும்ப வேண்டும். அவரைத் தாங்கிய பனி அதுதான். பிடிகளைக் குத்தி, காலை உதைத்து, மேலே வழுக்கி ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே விலக வேண்டும். அப்புறம் காருக்கு ஓட்டம், ஈர உடையைக் கழற்றி மாற்று உடை. அந்த மாற்று உடை செட்டில் வேண்டுமானால் ஜீன்ஸ் இருக்கட்டும்!