ஆணி அடிக்கும் துப்பாக்கி: வாங்குவதா, வேண்டாமா?



ஜவ்வாது மலையில் மளிகைக் கடை என்றால் அது மளிகை மட்டும் விற்கும் கடை அல்ல. ஜமுனாமரத்தூர் பக்கம் கடை வைத்திருப்பவர் சாமை வாங்குவார், புளி வாங்குவார், கடுக்காய் வாங்குவார். அதே கல்லாவுக்கு அருகில் கம்பி ஆணியும் எடை போட்டு விற்பார். போளூரோ செங்கமோ ஆலங்காயமோ இறங்கி வந்து ஒரு கிலோ ஆணி வாங்க யாருக்கு நேரம் இருக்கிறது? அதனால் வீடு கட்டுகிறவர், கொட்டகை போடுகிறவர், ஆட்டுப் பரண் அமைக்கிறவர் எல்லாரும் முதலில் மளிகைக் கடையில்தான் கேட்கிறார்கள். இப்போது அவர்களில் சில இளைஞர்கள் கைப்பேசியில் படம் காட்டி, "இந்த நெயில் கன் கிடைக்குமா? வாங்கினால் வீட்டு வேலைக்கு ஆகுமா?" என்று விசாரிக்கிறார்கள். நம் கடைக்காரர்கள் சிலர் இரண்டு வாங்கி வைக்கலாமா என்றும் யோசிக்கிறார்கள். முதலைப் போடுமுன் இது என்ன சாமான், எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

படத்தில் காட்டுவது பெரும்பாலும் ஃபிரேமிங் நெய்லர் என்ற கருவி. அமெரிக்கா, கனடா நாடுகளில் சாதாரண வீடுகளின் சுவரே மரச் சட்டங்களால் ஆனது. ஒன்றரை அங்குலக் கனமும் மூன்றரை அங்குல அகலமும் உள்ள சட்டங்களை வரிசையாக நிறுத்தி, மேலும் கீழும் குறுக்குச் சட்டம் வைத்து மூன்று அங்குலத்துக்கு மேற்பட்ட ஆணியால் பிணைப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் ஆணி இறங்க வேண்டும். அதற்காகப் பிறந்தது இந்தத் துப்பாக்கி. நம் ஊரில் சுவர் செங்கல், கூரை கான்கிரீட். மலையில் பழைய வீடுகள் மூங்கிலும் மண்ணும் புல் கூரையும் கொண்டவை. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலும் வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய் கொடுத்து, குடிசைக்குப் பதிலாகக் கான்கிரீட் கூரை வீடுதான் கட்டச் சொல்கிறார்கள். ஆகவே "வீடு கட்டும் துப்பாக்கி" என்ற பெயரைப் பார்த்து வாங்கினால் நம் வீட்டில் அதற்கு வேலை இருக்காது. செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் இந்த ஆணி இறங்காது; தெறித்துத் திரும்பி ஆளைத் தாக்கும். கான்கிரீட்டில் அடிப்பதற்கென்று வேறு கருவி, வேறு எஃகு ஆணி உண்டு.

சென்ட்ரிங் வேலைக்கு ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அடிப்பதற்கு ஆகும். ஆனால் சென்ட்ரிங் ஆணியைப் பிடுங்கியாக வேண்டும். துப்பாக்கி ஆணியின் தலையைப் பலகையோடு பலகையாக உள்ளே இறக்கிவிடும். பிரிக்கும்போது கடப்பாறை பட்டுப் பலகை கிழியும். சுத்தியல்காரர் தலையைச் சற்று மேலே விட்டு அடிப்பார், மறுநாள் ஒரே நெம்பில் எடுத்து அதே ஆணியை நிமிர்த்தி மறுபடி அடிப்பார்.

கூரைத் தகடு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர்ச்சேதம் வரக்கூடிய இடம் அதுதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது மலைக்குக் கீழே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டோம். காற்று தகட்டை மேல் நோக்கி இழுக்கும். வழுவழுப்பான ஆணி அந்த இழுப்புக்கு நிற்காது, உருவிக்கொண்டு வந்துவிடும். இரும்புச் சட்டம் என்றால் ரப்பர் வாஷர் வைத்த, தானே துளையிடும் ஸ்குரூ அல்லது ஜே போல்ட் கொடுக்க வேண்டும். மரச் சட்டம் என்றால் மரத்துக்கான ஸ்குரூவும் வாஷரும். நெளித் தகட்டில் மேட்டில்தான் துளை போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அதன் வழியாகவே இறங்கும். துப்பாக்கியால் தகடு அடிக்கலாமா என்று கேட்டால் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் யாருக்குத்தான் ஆகும்? மரத்தோடு மரத்தை, ஒரே மாதிரி, நூற்றுக்கணக்கில் அடிப்பவருக்கு. பேக்கிங் பெட்டியும் பேலட்டும் செய்கிற பட்டறைகள் சுருள் ஆணி போடும் துப்பாக்கியை வைத்துப் பிழைக்கின்றன. மலையில் எனக்குத் தெரிந்து பொருத்தமான வேலை பரண் மேல் ஆடு வளர்ப்புக் கொட்டகை. 20 அடிக்கு 10 அடி பரண் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அங்குல ரீப்பர், அரை அங்குல இடைவெளி என்றால் 96 ரீப்பர் வரும். அடியில் இரண்டடிக்கு ஒரு சட்டமாக ஆறு சட்டம். சேரும் இடம் ஒவ்வொன்றிலும் இரண்டு ஆணி போட்டால் 1,152 ஆணி. இதைக் கையால் அடித்தால் தோள் வலி, துப்பாக்கியால் அடித்தால் அரை நாள் வேலை. ஆனால் ஒரே ஒரு பரணுக்காகத் துப்பாக்கி வாங்குவது கல்யாணத்துக்காக ஓட்டல் வாங்குவது போல. ஊர் ஊராகக் கொட்டகை போடுகிற தச்சர் வாங்கட்டும். ஆட்டு மூத்திரம் சாதாரணக் கம்பி ஆணியைச் சீக்கிரம் தின்றுவிடும், ஆகவே அந்த வேலைக்குத் துத்தநாகப் பூச்சு உள்ள ஆணிதான்.

அப்படி ஒருவர் வாங்க வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். காற்றில் ஓடுவதா, பாட்டரியா? காற்றுத் துப்பாக்கி விலை குறைவு, கனம் குறைவு. ஆனால் பஞ்சர் கடையில் இருப்பது போல் டாங்க் வைத்த கம்ப்ரசர் வேண்டும். 70 முதல் 120 பவுண்டு அழுத்தம் கேட்கும். மின்சாரம் தாழ்ந்து வருகிற குக்கிராமத்தில் மோட்டார் கிளம்பாமல் முனகும். அங்கே பாட்டரிதான் சரி, கை சற்றுக் கடுக்கும். கம்ப்ரசர் இல்லையென்று வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவே கூடாது, கருவி வெடித்துவிடும்.

இரண்டாவது, ஆணி. இந்தத் துப்பாக்கி உதிரி ஆணி தின்னாது. காகிதத்தாலோ பிளாஸ்டிக்காலோ கம்பியாலோ கோத்த பட்டை ஆணிதான் போட வேண்டும். அந்தப் பட்டை 21 டிகிரி, 28 டிகிரி, 30 முதல் 34 டிகிரி என்று பல சாய்வில் வருகிறது. ஒன்றுக்கு உள்ளது இன்னொன்றில் ஏறாது. கடைக்காரருக்கு உள்ள கண்ணி இதுதான். துப்பாக்கி ஒரு முறை விற்கும், ஆணிப் பட்டை வருடக்கணக்கில் தேங்கும். ஆகவே முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுப்பதே உத்தமம்.

மூன்றாவது, விசை. சிலவற்றில் முனை மரத்தில் பட்ட பிறகு விசையை அழுத்தினால்தான் ஒரு ஆணி போகும். வேறு சிலவற்றில் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு முனை எதில் பட்டாலும் போகும், தொடையாக இருந்தாலும் சரி. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயத்தோடு அவசர சிகிச்சைக்குப் போனதாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் கணக்கிட்டது. முதல் வகையை விட இரண்டாவது வகையில் ஆபத்து இரண்டு மடங்கு. முதல் வகையை மட்டும் சிபாரிசு செய்யுங்கள். கண்ணாடியும் சேர்த்தே விற்றுவிடுங்கள்.

மற்றவர்களுக்குச் சுத்தியலும் சரியான ஆணியும் போதும். சரியான ஆணி எது என்பதில்தான் நம் கடைகளில் குழப்பம். கேஜ் எண் கூடக் கூட ஆணி மெலியும். இரண்டு அங்குலம் 12 கேஜ் கிலோவுக்குச் சுமார் 450 நிற்கும். அதே இரண்டு அங்குலம் 14 கேஜ் 750-க்கு மேல் நிற்கும். எண்ணிக்கை கூட வருகிறதே என்று வாடிக்கையாளர் மெல்லியதைக் கேட்பார், வேங்கையில் அடித்தால் வளைந்துவிடும். மூன்று அங்குலம் 10 கேஜ் கிலோவுக்கு 200 அளவு. மேல் பலகையின் கனத்தைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு நீளம் இருந்தால் பிடிப்பு நிற்கும். ஒரு அங்குலப் பரண் ரீப்பருக்கு இரண்டரை அங்குலம், 11 கேஜ். மேலே சொன்ன பரணுக்கு நான்கு கிலோ. கடின மரம் பிளந்தால், ஆணியின் பருமனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போகாத துளை முதலில் போடச் சொல்லுங்கள்.

கடையில் இரண்டு, இரண்டரை, மூன்று அங்குலம் இருந்தால் மலையின் தேவையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கொட்டகை வேலை நடக்கும் ஊரானால் துத்தநாகப் பூச்சு ஆணி ஒரு பெட்டி. மழைக்காலத்தில் ஆணிச் சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றிவிடுங்கள். உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். பத்து நாளில் துரு ஏறிவிடும், துருப்பிடித்த ஆணியை வாங்கிப் போனவர் அடுத்த வாரம் உப்பு வாங்கவும் வேறு கடைக்குத்தான் போவார்.